காரில் பிரேக் ஏர் எடுப்பது: வீட்டிலேயே, இரண்டு பேராக

பிரேக் பெடலை மிதித்தால் ஓர் அளவுக்கு மேல் கால் இறங்கக் கூடாது, கெட்டியாக நின்றுவிட வேண்டும். அப்படி நிற்காமல் ஈரப் பஞ்சை மிதிப்பது போல அமுங்கிக்கொண்டே போகிறது, படபடவென்று இரண்டு மூன்று தடவை மிதித்தால் மட்டும் மேலே ஏறி வருகிறது என்றால் பெரும்பாலும் பிரேக் லைனுக்குள் காற்று புகுந்திருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் இதற்கு 'ஏர் எடுக்கணும்' என்பார்கள். வேலை பெரிதில்லை. ஒரு ரிங் ஸ்பேனர், உள்ளே ஓடுவது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் ட்யூப், ஒரு பாட்டில், பெடலை மிதிக்க ஓர் ஆள், இவ்வளவுதான். ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும்: அந்தக் காற்று எப்படி உள்ளே போனது?

ஏன் இதை முதலில் கேட்கிறேன் என்றால், பிரேக் லைன் மூடிய அமைப்பு. பெடல் தள்ளுகிற பம்பான மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரம் வரை திரவம் நிறைந்திருக்கிறது, திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, அதனால் நீங்கள் பெடலில் கொடுக்கிற அழுத்தம் அப்படியே காலிப்பருக்கு, அதாவது சக்கரத்தில் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கிற பாகத்துக்கு, போய்ச் சேருகிறது. காற்றைச் சுருக்க முடியும், அதனால் நடுவில் ஒரு குமிழி இருந்தால் உங்கள் மிதி அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே வீணாகிறது. இப்படி மூடிக் கிடக்கிற ஒன்றுக்குள் காற்று சும்மா வந்துவிடாது. காலிப்பரோ ஹோஸோ மாற்றினீர்களா, லைனை எங்கேயாவது கழற்றினீர்களா, பானட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பா அடிமட்டம் வரை காலியாக ஓடியதா? இதில் ஒன்று நடந்திருந்தால் காரணம் கிடைத்துவிட்டது, தாராளமாக ஏர் எடுக்கலாம். எதையுமே தொடவில்லை, பெடல் மட்டும் தானாகவே மெத்தென்று ஆகிவிட்டது என்றால் எங்கோ கசிகிறது. ஒவ்வொரு சக்கரத்தின் உள்பக்கமும், டிரம் பிரேக் என்றால் பின்தட்டின் கீழ் ஓரமும், மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு (மிதிக்கு வலுச் சேர்க்கும் பாகம்) சேருகிற இடமும் ஈரமாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கசிவை அடைக்காமல் ஏர் எடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

பெடல் கோளாறு எல்லாமே காற்றும் இல்லை. காலை அழுத்தி வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்குகிறது, வெளியே எங்கேயும் ஈரம் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் தேய்ந்திருக்கலாம். பெடல் கீழே போய்த்தான் பிடிக்கிறது, ஆனால் பிடிக்கும் இடத்தில் கல் மாதிரி இருக்கிறது என்றால் பின் டிரம்மை உள்ளிருந்து பிடிக்கும் ஷூவின் அட்ஜஸ்ட்மெண்ட் தளர்ந்திருக்கலாம். இந்த இரண்டுக்கும் எத்தனை லிட்டர் ஊற்றி ஏர் எடுத்தாலும் பலன் கிடையாது. இன்னொன்றும் உண்டு. நீண்ட மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்து, கீழே வரும்போது பெடல் காலடியில் காணாமல் போய், வண்டி ஆறிய பிறகு பழையபடி சரியாகிவிட்டதா? அது ஆயில் கொதித்து ஆவியான சமாச்சாரம். ஆறியதும் ஆவி திரும்பத் திரவமாகிவிடும், ஆனால் ஆயில் பழசாகித் தண்ணீர் ஏறிவிட்டது என்று அது சொல்லிவிட்டது. அதற்கு முழு ஆயிலையும் மாற்ற வேண்டும், முறை இதேதான், ஊற்றும் அளவுதான் கூடும்.

நாம் எல்லோரும் பிரேக் ஆயில் என்றுதான் சொல்கிறோம், ஆனால் அது ஆயிலே கிடையாது. பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைகால் வகைத் திரவம், காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்வது அதன் குணம். இதன் தர வகையை டாட் (DOT) எண்ணால் குறிப்பார்கள். புத்தம் புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரையும் டாட் 4 குறைந்தது 230 வரையும் கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. 4 சதவீதம்கூட இல்லாத அளவு தண்ணீர் கலந்தாலே இந்த வரம்பு முறையே 140, 155 என்று இறங்கிவிடுகிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது இதனால்தான். எந்த வகை ஊற்ற வேண்டும் என்பது ஆயில் டப்பாவின் மூடியிலேயே அச்சடித்திருக்கும், அதைத்தான் ஊற்ற வேண்டும். டாட் 5 என்பது சிலிக்கான், டாட் 5.1 என்பது கிளைகால். பெயரில் ஒரு புள்ளிதான் வித்தியாசம், ஆனால் சிலிக்கானை மற்றதோடு கலக்கவே கூடாது. என்ஜின் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில் போன்றவை தவறி ஒரு சொட்டு விழுந்தாலும் விளையாட்டில்லை, லைனில் இருக்கும் ரப்பர் சீல்கள் உப்பிவிடும், அப்புறம் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியதுதான். போன வருடம் பாதி ஊற்றி மீதி வைத்த டப்பா ஷெல்ஃபில் இருக்குமே, அதையும் மறந்துவிடுங்கள். சீல் உடைக்காத புது டப்பாவாக வாங்குங்கள். ஏர் மட்டும் எடுக்க அரை லிட்டர் போதும், முழுதாக மாற்ற ஒரு லிட்டர் கையில் இருந்தால் நிம்மதி.

இன்னொரு எச்சரிக்கை, அப்புறம் வேலைக்குப் போய்விடலாம். ஹைப்ரிட், எலெக்ட்ரிக் கார்கள் பலவற்றில் பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே எலெக்ட்ரானிக்ஸ் உட்கார்ந்திருக்கிறது, காரின் கம்ப்யூட்டரோடு பேசுகிற ஸ்கேனர் கருவி இல்லாமல் அவற்றில் கை வைக்காதீர்கள். சாதாரண ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) காரில் காலிப்பர் பக்கம் கொஞ்சம் காற்று புகுந்திருந்தால் இந்த முறையிலேயே வந்துவிடும். ஆனால் டப்பா முழுதாக வற்றி ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ளேயே காற்று போய்விட்டால் அதன் வால்வுகளைத் திறந்து மூட ஸ்கேனர் வேண்டும். எனக்கு இது அனுபவப் பாடம். ஒரு தடவை பேச்சு சுவாரசியத்தில் டப்பாவைப் பார்க்க மறந்து அது கர்ரென்று காற்றை உறிஞ்சிய பிறகுதான் நினைவு வந்தது, அதன்பின் ஒரு லிட்டர் முழுக்க ஊற்றியும் பெடல் ஏறவில்லை, கடைசியில் வண்டியை ஏற்றித்தான் அனுப்பினேன்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். முதல் கியரில் போட்டு, தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியால் தூக்கி, உடனே ஸ்டாண்டில் இறக்கி, அதன் பிறகு சக்கரத்தைக் கழற்றுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் கையோ தலையோ போகக் கூடாது, இதில் பேச்சுக்கே இடமில்லை. மிதிக்கிற ஆள் உள்ளே ஏறி உட்காரும்போதும் வண்டி அசையும், அதனால் ஸ்டாண்ட் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று வண்டியை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டே அவரை ஏறச் சொல்லுங்கள். சில கார்களில், முக்கியமாகச் சுமை ஏற்றும் வண்டிகளில், பின் ஆக்சிலோடு இணைந்த ஒரு வால்வு இருக்கும், பின்பக்கம் எவ்வளவு எடை இருக்கிறதோ அதற்கேற்பப் பின் பிரேக்குக்கு அழுத்தம் விடும். பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் வண்டி காலி என்று நினைத்து அது வழியைக் குறுக்கிவிடும், நீங்கள் பின்பக்கம் ஏன் ஒழுங்காக ஆயில் வரவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வீர்கள். அப்படி இருந்தால் ஸ்டாண்டை ஆக்சிலுக்கு அடியிலேயே கொடுங்கள்.

பானட்டைத் திறந்து ஆயில் டப்பாவைச் சுற்றித் துணி விரியுங்கள். இந்தத் திரவம் பெயிண்ட்டைத் தின்றுவிடும், சிந்தினால் தேய்க்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். மூடியைத் துடைத்துவிட்டுத் திறக்கவும். உள்ளே இருப்பது டீ நிறத்தில் இருந்தால் சிரிஞ்சால் முக்கால்வாசி உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுசை ஊற்றுங்கள், இல்லாவிட்டால் அந்த அழுக்கு முழுவதையும் நாலு சக்கரத்து லைன் வழியாகத் தள்ளிக்கொண்டு இருக்க வேண்டும்.

இப்போது ப்ளீடர் நிப்பிள், அதாவது காற்றையும் ஆயிலையும் வெளியே விடத் திறக்கிற சின்னத் திருகு. காலிப்பரின் மேல் பக்கத்தில், டிரம் என்றால் பின்தட்டின் உள்பக்கத்தில், ஒரு சின்ன ரப்பர் மூடியோடு இருக்கும். மூடியைக் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். பெரும்பாலும் 8, 10 அல்லது 11 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்தும். ஓப்பன் ஸ்பேனரைப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். நிப்பிள் நடுவில் துளை உள்ள சின்ன சாமான், முனை மழுங்கினாலும் போச்சு, உடைந்தால் இன்னும் மோசம். ஆறு முனை ரிங் ஸ்பேனர்தான் சரி. இறுகிக் கிடந்தால் துரு இளக்கும் ஸ்ப்ரேயை மரையின் வெளிப்பக்கத்தில் மட்டும் அடித்து ஊற விட்டு, சுற்றிலும் சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டி, முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை திருப்பி, அப்புறம் தளர்த்திப் பாருங்கள். அப்போதும் வரவில்லையா, விட்டுவிடுங்கள், கோபத்தில் பலம் காட்டினால் புதுக் காலிப்பர் வாங்க வேண்டி வரும். இதை எல்லாம் சோதிக்க வேண்டியது தொடக்கத்திலேயே. நாலு நிப்பிளும் திறக்கிறது என்று தெரிந்த பிறகுதான் வேலையை ஆரம்பிக்க வேண்டும். திறந்து பார்த்ததும் உடனே மூடிவிடுங்கள்.

எந்தச் சக்கரத்தில் தொடங்குவது? பழைய வழக்கம், மாஸ்டர் சிலிண்டருக்கு எது தூரமோ அது முதலில். ஸ்டியரிங் வலப்பக்கம் உள்ள வண்டியில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வரும். இடப்பக்க ஸ்டியரிங்கில் இதைக் கண்ணாடியில் பார்ப்பது போல மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் குறுக்குச் சோடியாக (ஒரு முன் சக்கரமும் அதற்கு எதிர்மூலைப் பின் சக்கரமும் சேர்ந்து) லைன் பிரித்த வண்டிகள், சில ஏபிஎஸ் வண்டிகள் இதிலிருந்து மாறும், முன் சக்கரத்தில் தொடங்கச் சொல்கிற கம்பெனிகளும் உண்டு. உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் என்ன சொல்கிறதோ அதுதான் கடைசி வார்த்தை.

ஸ்பேனரை நிப்பிளில் மாட்டி, அதன் மேல் ட்யூபைச் செருகுங்கள், இந்த வரிசையை மாற்றினால் ட்யூபைக் கழற்றி மறுபடி செருக வேண்டும், எல்லோரும் ஒரு முறையாவது செய்கிற தவறு. பாட்டிலில் இரண்டு விரல் அளவு புது ஆயில் ஊற்றி, ட்யூபின் மறுமுனை அதில் மூழ்கியிருக்கும்படி வையுங்கள். நிப்பிளிலிருந்து ட்யூப் முதலில் கொஞ்சம் மேலே ஏறி, வளைந்து பாட்டிலுக்கு இறங்கட்டும். காற்று மேலே போகிற ஜாதி, அது திரும்பக் காலிப்பருக்குள் இறங்காமல் இருக்க இந்த வளைவு உதவும்.

பெடலுக்கு அடியில் தரையில் ஒரு மரக்கட்டை வையுங்கள், பெடல் முழுசாகத் தரையைத் தொடாத உயரத்துக்கு. வயசான வண்டியில் மாஸ்டர் சிலிண்டரின் கடைசிப் பகுதிக்கு பிஸ்டன் வழக்கமாகப் போகவே போகாது, அங்கே துருவும் அழுக்கும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது பெடல் அடிவரை இறங்கினால் பிஸ்டன் சீல் அந்தத் துருவில் உரசிக் கிழியும். ஏர் எடுக்கப் போய் மாஸ்டர் சிலிண்டரைக் காலி செய்தவர்கள் கதை பெரும்பாலும் இதுதான்.

இனி உள்ளே இருப்பவரோடு பேச்சு. இந்த வேலையில் பாதி கெடுவது இங்கேதான் என்பது என் கணிப்பு, ஸ்பேனரில் இல்லை. 'அமுக்கு, அமுக்கு, சரி சரி, போதும்' என்று ஆளுக்கொரு மொழியில் கத்தினால் அவர் எப்போது காலை எடுக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. இரண்டே வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள். நான் 'மிதி' என்றால் உள்ளே இருக்கும் என் தம்பி மெதுவாக, ஒரே சீராக மிதித்து அழுத்திப் பிடித்துக்கொண்டு 'மிதிச்சாச்சு' என்பான். நான் நிப்பிளைக் கால் சுற்று, போனால் அரைச் சுற்று திறப்பேன். ஆயிலும் குமிழியும் சர்ரென்று ட்யூபுக்குள் வரும், பெடல் அவன் காலோடு கீழே இறங்கும். இறங்கி நின்ற பிறகும் அவன் காலை எடுக்கக் கூடாது, இதை மட்டும் நாலு தடவை சொல்லி வையுங்கள். நான் நிப்பிளை மூடிவிட்டு 'விடு' என்பேன். அதற்குப் பிறகுதான் அவன் கால் மேலே வரும், வந்ததும் 'விட்டாச்சு' என்பான். அவ்வளவுதான், மறுபடி 'மிதி'. மூடும் முன் காலை எடுத்துவிட்டால் வெளியே போனதை லைன் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ட்யூப் முனை ஆயிலில் மூழ்கியிருப்பதால் உறிஞ்சுவது ஆயிலைத்தான் என்றாலும், நிப்பிளின் மரை இடுக்கு வழியாகக் காற்று நுழையும்.

படபடவென்று மிதிக்க வேண்டாம், வேகமாக அடித்தால் பெரிய குமிழி பொடிப்பொடியாக உடைந்து ஆயிலோடு கலந்து நுரைத்துவிடும், அதை வெளியே கொண்டுவருவது இன்னும் பெரிய பாடு. ஐந்து மிதிக்கு ஒரு தடவை எழுந்துபோய் டப்பாவைப் பாருங்கள், குறைந்த அளவுக் கோட்டுக்குக் கீழே எப்போதும் இறங்கக் கூடாது. சலிப்பாக இருக்கும், ஆனால் மேலே என் கதையைப் படித்தீர்கள் அல்லவா. டப்பாவின் மூடியைச் சும்மா மேலே வைத்து மூடிக்கொள்ளுங்கள், பெடல் திரும்பும்போது ஆயில் மேலே பீச்சியடிக்கும். கிளட்ச்சும் இதே டப்பாவிலிருந்து ஆயில் எடுக்கிற வண்டிகள் உண்டு, வற்றவிட்டால் அதுவும் சேர்ந்து படுத்துக்கொள்ளும்.

ட்யூபில் முதலில் பெரிய குமிழி, அப்புறம் சின்னது, அப்புறம் மணி மணியாக, கடைசியில் வெறும் ஆயில். ஆயில் மாற்றும் வேலையும் சேர்த்துச் செய்கிறீர்கள் என்றால் நிறம் டீயிலிருந்து வெளிர் மஞ்சளுக்கு மாறும் வரை போங்கள். குமிழி நின்ற பிறகும் இன்னும் மூன்று நான்கு மிதி சேர்த்து எடுத்துவிடுவேன் நான். நிப்பிளை இறுக்கும்போது ஞாபகம் வையுங்கள், அது சின்ன மரை, பெரும்பாலும் 7 முதல் 10 நியூட்டன் மீட்டர் அளவுதான் அதன் கணக்கு. மணிக்கட்டு பலம் போதும், தோள் பலம் வேண்டாம்.

தனியாள் என்றால்? ஒருவழி வால்வு வைத்த ட்யூப் கிடைக்கிறது, நிப்பிளைத் திறந்து வைத்துவிட்டு நீங்களே போய் மிதிக்கலாம், பரவாயில்லாமல் வேலை செய்யும். நிப்பிளைத் திறந்துவிட்டு ஆயில் தானாகச் சொட்ட விடுவது இன்னொரு வழி, மெதுவானது, பொறுமை இருந்தால் நல்லது. கையால் உறிஞ்சும் வாக்குவம் பம்பில் ஒரு ஏமாற்று இருக்கிறது: மரை வழியாக வெளிக்காற்றையும் சேர்த்து இழுப்பதால் ட்யூபில் குமிழி நிற்கவே நிற்காது, லைனில் காற்று இல்லாதபோதும். அதைப் பார்த்துப் பயந்து ஒரு லிட்டரைக் காலி செய்யாதீர்கள். டப்பாவின் மேலிருந்து அழுத்தம் கொடுக்கிற பிரஷர் டப்பா வாங்க முடிந்தால் அதுதான் ராஜா, ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை செய்யும் ஆளுக்குத் தம்பியே போதும்.

எல்லாம் சரியாகச் செய்தும் பெடல் பஞ்சாகவே இருந்தால் நிப்பிள் இருக்கும் இடத்தைப் பாருங்கள். தெரிந்தவர் ஒருவர் இரண்டு முன் காலிப்பரும் புதிதாக மாற்றிவிட்டு மூன்று நாள் ஏர் எடுத்துக்கொண்டே இருந்தார். போய்ப் பார்த்தால் இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருந்தார்! அப்படி மாட்டினாலும் போல்ட் எல்லாம் சரியாகப் பொருந்திவிடும், நிப்பிள் மட்டும் மேலே இருப்பதற்குப் பதில் கீழே போய்விடும். காற்று மேலே தங்கிக்கொள்ளும், கீழே இருக்கும் துளை வழியாக எத்தனை ஆயில் விட்டாலும் அது அசையாது. மாஸ்டர் சிலிண்டரையே மாற்றியிருந்தால் அதை வண்டியில் பொருத்தும் முன்பே வைஸில் பிடித்து அதற்குள் இருக்கும் காற்றை எடுத்திருக்க வேண்டும், அதைத் தவறவிட்டவர்களுக்கும் இதே தலைவலி.

முடிந்ததும் ரப்பர் மூடிகளை மாட்டி, டப்பாவை மேல் கோட்டு வரை நிரப்பி, காலிப்பரையும் சுற்றியுள்ள இடத்தையும் தண்ணீரால் கழுவித் துடைத்துவிடுங்கள், அப்போதுதான் பிறகு வரும் கசிவு கண்ணில் படும். என்ஜின் ஆஃபில் பெடலை நாலைந்து தடவை மிதியுங்கள், மேலே கெட்டியாக நிற்க வேண்டும். அப்படியே அரை நிமிடம் பலமாக மிதித்துப் பிடித்திருக்க, இன்னொருவர் நாலு நிப்பிளையும் டார்ச்சால் பார்க்கட்டும். காலை எடுக்காமல் என்ஜினை ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாக ஒரு இறக்கம் இறங்கும், பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம், பயப்பட வேண்டாம். தரை வரை போனால்தான் பிரச்சினை. சக்கரத்தை மாட்டி, நட்டுகளை முறுக்கி, வாசலிலேயே நடக்கிற வேகத்தில் உருட்டி நிறுத்திப் பாருங்கள், பிறகு ஆளில்லாத இடத்தில் கொஞ்சம் வேகம் கூட்டிப் பாருங்கள். பெடலில் சந்தேகம் மிச்சம் இருந்தால் அந்த வண்டியில் ரோட்டுக்குப் போகக் கூடாது. இரண்டாவது சுற்றிலும் சரியாகவில்லை என்றால் மூன்றாவது வேண்டாம், டோ செய்து ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள்.

பாட்டிலில் சேர்ந்ததை, எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும், திரும்ப டப்பாவில் ஊற்றாதீர்கள். சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டவும் வேண்டாம். மூடி இறுக்கி, விஷம் என்று எழுதி, குழந்தைகள் கை எட்டாத இடத்தில் வைத்து, பழைய ஆயில் வாங்குகிற இடத்தில் வேறு எதோடும் கலக்காமல் கொடுங்கள். மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன் குனிந்து நாலு சக்கரத்தின் உள்பக்கமும் ஒரு பார்வை, டப்பாவின் அளவு நேற்று விட்ட கோட்டிலேயே நிற்கிறதா என்று ஒரு பார்வை.